பேழையும் விலையும்: அலுமினியக் கணிப்பொறிப் பெட்டியைத் தேர்ந்து வாங்கும் முறை

மனிதன் ஒரு பொருளைப் போற்ற விரும்பும்போது, முதலில் அதற்கோர் உறை செய்கிறான். வாளுக்கு உறை செய்தான். பொன்னுக்குப் பேழை செய்தான். ஏட்டுச் சுவடிக்கு இருபுறமும் பலகை கட்டினான். நம் காலத்துக் கணிப்பொறிக்கும் அவ்வாறே ஒரு பெட்டி அமைந்துள்ளது. பேழை, பெட்டகம், கூடு எனத் தமிழில் இதற்குப் பொருந்தும் சொற்கள் பல உள. எனினும் கடைவீதியில் இதன் பெயர் 'கேபினட்' என்பதே. பொதுமக்களுள் பலர் இப்பெட்டி முழுவதையும் 'சி.பி.யு.' என்றே வழங்குவர். அது பிழை வழக்காகும். சி.பி.யு. என்பது பெட்டியினுள் தாய்ப்பலகையின்மேல் அமர்ந்திருக்கும் சிறிய செயலி மட்டுமே.

உறையையே உயிரெனக் கொள்ளும் இப்பிழை சொல்லளவில் நின்றுவிட்டால் தீங்கில்லை. பொருள் வாங்கும் இடத்திலும் அது தொடர்வதே கவலைக்குரியது. தமிழாசிரியனுக்குத் தகட்டோடு என்ன உறவு என்று அன்பர்கள் வினவலாம். இன்று சுவடிப் பதிப்பும், சொல்லடைவும், ஆய்வேடும் கணிப்பொறியிலேயே உருப்பெறுகின்றன. நம் துறை மாணவர்களுள் பலர் வீட்டில் முதன்முதலாகக் கணிப்பொறி வாங்குபவர்கள். அவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணமே இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

ஒரு நிகழ்ச்சி

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர் ஒருவர், தாம் ஊர் ஊராகச் சென்று திரட்டிய தாலாட்டுப் பாடல்களைப் பதிவு செய்வதற்காகக் கணிப்பொறி வாங்க விரும்பினார். அவருடைய தந்தையார் ஆம்பூரில் ஒரு காலணித் தொழிலகத்தில் தோலைத் தரம் பிரிப்பவர். அவ்வாண்டு கிடைத்த போனஸ் தொகையை அப்படியே மகனிடம் கொடுத்தார். துணைக்கு நானும் சென்னைக்குச் சென்றேன். கடையில் அடுக்கி வைத்திருந்த பெட்டிகளுள் வெள்ளிபோல் மின்னிய ஒன்று எங்கள் இருவர் கண்ணையும் கவர்ந்தது. "முழுக்க அலுமினியம், சூடே ஏறாது" என்றார் கடைக்காரர். நானும் ஆமோதித்தேன். பெட்டிக்கு மிகுதியாகச் செலவானதால் மின்வழங்கியில், அதாவது கடைக்காரர்கள் 'எஸ்.எம்.பி.எஸ்.' என்று கூறும் உறுப்பில், சிக்கனம் செய்தோம். பெயர் தெரியாத மலிவான ஒன்றை வாங்கினோம்.

சித்திரை வெயில் தொடங்கியதும் கணிப்பொறி அடிக்கடி தானே நின்றது. ஒரு நாள் பிற்பகல் கருகிய நாற்றம் எழுந்தது. மின்வழங்கியும் தாய்ப்பலகையும் ஒருங்கே பழுதாயின. பாடல்கள் இருந்த வட்டு மட்டும் தப்பியது நற்பேறு. செய்தியறிந்து நான் வீட்டுக்குச் சென்றபோது, அத்தந்தையார் பெட்டியைத் திருப்பி வைத்து விரலால் தடவிக்கொண்டிருந்தார். முன்பக்கத் தகடு ஒன்றே அலுமினியம். மற்றவை வண்ணம் பூசிய மெல்லிய இரும்பு. அவர் கூறியது இன்றும் என் செவியில் ஒலிக்கிறது: "சார், மேலாகப் பார்த்து நாங்க தோல் எடுக்கறதில்ல. திருப்பிப் பார்ப்போம், ஓரத்தைப் பார்ப்போம், கட்டைவிரலால அமுக்கிப் பார்ப்போம். இதை யாரும் திருப்பிப் பார்க்கலையா?"

அவர் கடிந்துரைக்கவில்லை, ஆயினும் நான் நாணினேன். எம்.ஃபில். பட்டம் பெற்ற நான் பார்க்கத் தவறியதை, தம் தொழிலறிவால் அவர் ஒரு நொடியில் கண்டுகொண்டார். பின்வரும் செய்திகள் அவர் கற்பித்த முறையைத் தழுவியே அமைகின்றன.

அலுமினியமும் தோலும்

அலுமினியம் மண்ணில் மிகுதியாகக் கிடைக்கும் உலோகமே. எனினும் அதனைப் பிரித்தெடுத்தல் அரிதாக இருந்தமையால், ஒரு காலத்தில் விலையுயர்ந்த பொருளாகக் கருதப்பட்டது. 1886ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹால் என்பவரும் பிரான்சில் எரூ என்பவரும், ஒருவரையொருவர் அறியாமலேயே, மின்னாற்பகுப்பு முறையால் இதனைப் பிரிக்கும் வழியைக் கண்டனர். அதன்பின் அலுமினியம் எளிய மக்களின் அடுக்களை வரை வந்து சேர்ந்தது.

சென்னை மாகாணத்தில் இவ்வுலோகப் பாத்திரத் தொழிலுக்கு வித்திட்டவர் ஆல்பிரட் சாட்டர்டன். சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில், அதாவது இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியில், 1898ஆம் ஆண்டளவில் அவர் அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். அதே சாட்டர்டனே 1903ஆம் ஆண்டளவில் இம்மாகாணத்தில் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனைகளையும் மேற்கொண்டார். பாலாற்றுப் படுகை ஊர்களாகிய வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை ஆகியவற்றின் வாழ்வோடு இன்று பிணைந்துள்ள குரோம் தோலும், நம் மேசைமேல் அமரும் அலுமினியமும் இம்மண்ணில் ஒரே மனிதரின் முயற்சியோடு தொடர்புடையவை என்பது எண்ணி இன்புறத்தக்கது. ஆகவே தோலைத் தேரும் கண்ணால் தகட்டையும் தேர்வது நமக்கு முறையே ஆகும்.

அலுமினியத்தின் இயல்புகள்

அலுமினியத்தின் முதற்சிறப்பு எடைக்குறைவு. ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் ஏறத்தாழ 2.7 கிராம், எஃகு ஏறத்தாழ 7.85 கிராம். 45 சென்டிமீட்டர் நீளமும் அதே அகலமும் 1 மி.மீ. தடிமனும் கொண்ட தகடு அலுமினியமாயின் 550 கிராம் அளவிலும், எஃகாயின் 1,590 கிராம் அளவிலும் நிறுக்கும்.

எடை குறைந்தால் உறுதியும் குறையுமே என்னும் ஐயம் நியாயமானது. வளைவை எதிர்க்கும் தன்மையில் அலுமினியம் எஃகின் மூன்றில் ஒரு பங்கு அளவினதே. எனவே எஃகுத் தகட்டுக்கு இணையான விறைப்பைப் பெற, அலுமினியத் தகடு ஏறத்தாழ 1.4 மடங்கு தடித்திருத்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, 0.7 மி.மீ. எஃகு செய்யும் பணியை 1 மி.மீ. அலுமினியம் செய்யும். அப்போதும் எடை பாதியளவே இருக்கும். இக்கணக்கை அறியாமல் 0.6 மி.மீ. அலுமினியப் பெட்டியை 'இலேசானது' என்று மகிழ்ந்து வாங்குவோர், விசிறி சுழலும்போது அது அதிர்ந்து இரையும் ஒலியைக் கேட்டுப் பின்னர் வருந்துவர். ஆதலின் தடிமனைக் கேட்டறிதல் முதற்கடமை. நம் பகுதியில் தோலின் தடிமனை அளக்கும் கேஜ் கருவி கிடைப்பது எளிது. அதனைக் கொண்டே தகட்டின் ஓரத்தையும் அளந்துவிடலாம்.

இரண்டாவது சிறப்பு துருப்பிடியாமை. எஃகுத் தகட்டில் வண்ணம் உரிந்த இடத்திலும், வெட்டுப்பட்ட விளிம்பிலும் மழைக்காலத்து ஈரம் துருவைத் தோற்றுவிக்கும். அலுமினியத்தின்மேல் காற்றுப்பட்டவுடன் இயல்பாகவே ஓர் ஆக்சைடுப் படலம் படிந்து அதனைக் காக்கும். இப்படலத்தையே கந்தக அமிலக் கரைசலில் மின்சாரம் செலுத்தித் தடிப்பாக்குவதை 'அனோடைசிங்' என்பர். இவ்வாறு தடித்த படலத்தின் நுண்துளைகளில் சாயத்தை ஏற்றி, பின் துளைகளை மூடுவர். மேலே பூசும் வண்ணம் வேறு, இது வேறு. தோலில் சாயம் உள்ளே ஊறியதற்கும் மேற்பூச்சாக நிறமி தடவியதற்கும் உள்ள வேறுபாட்டை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டுவதில்லை. அனோடைசிங் செய்த தகட்டில் வண்ணம் ஏடேடாக உரியாது. ஆனால் ஆழமான கீறல் விழுந்தால் உள்ளிருக்கும் வெள்ளை நிறம் தெரியும். அதனை மீண்டும் வண்ணம் பூசி மறைத்தல் எளிதன்று.

மூன்றாவது செய்தி குறை எனத்தக்கது. அலுமினியம் மென்மையான உலோகம். அதில் நேரடியாகக் கடைந்த திருகு மரை, நான்கைந்து முறை இறுக்கித் தளர்த்தினால் தேய்ந்து வழுக்கும். திருகு புகும் இடங்களில் பித்தளை அல்லது எஃகு மரைகள் பதித்துள்ளனவா என்று காண்க.

வெப்பம் எவ்வழி வெளியேறும்?

'அலுமினியப் பெட்டி சூட்டைத் தணிக்கும்' என்பது கடைகளில் தவறாது கேட்கும் சொல். இதில் ஒரு பாதி உண்மையும், ஒரு பாதி மயக்கமும் உள்ளன. அலுமினியம் வெப்பத்தைக் கடத்துவதில் எஃகைவிட நான்கு மடங்கு சிறந்தது என்பது உண்மையே. ஆனால் செயலியோ வரைகலை அட்டையோ பெட்டியின் சுவரைத் தொட்டுக்கொண்டிருப்பதில்லை. இடையில் இருப்பது காற்று. காற்றோ வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள். ஆகவே உள்ளிருக்கும் வெப்பத்தின் பெரும்பகுதி சுவர் வழியாக அன்று, காற்றோட்டத்தின் வழியாகவே வெளியேறுகிறது. செயலியிலிருந்து வெப்பக்குழாய்களைச் சுவரோடு இணைத்து, விசிறியின்றியே இயங்குமாறு அமைத்த தனிவகைப் பெட்டிகளுக்கு மட்டுமே சுவரின் கடத்துதிறன் பெரும்பயன் தரும்.

ஒரு சிறு கணக்கால் இதனை விளக்கலாம். கணிப்பொறி 200 வாட் வெப்பத்தை வெளியிடுவதாகக் கொள்வோம். உட்புகும் காற்றைவிட வெளியேறும் காற்று 10 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகாமல் இருக்க வேண்டுமெனில், விநாடிக்கு ஏறத்தாழ 17 லிட்டர் காற்று பெட்டியினூடே செல்ல வேண்டும். வேலூரின் கோடையில் அறையே 40 பாகையைத் தொடும்போது, உட்காற்று அப்போதே 50 பாகையாகிவிடும். காற்றின் அளவு பாதியாகக் குறைந்தால் ஏற்றம் இரு மடங்காகி உள்வெப்பம் 60 பாகையை எட்டும். எங்கள் பெட்டியில் நேர்ந்தது இதுவே. அழகுக்காக முன்புறம் துளையின்றி மூடிய தகடு. பின்புறம் ஒரே ஒரு சிறு விசிறி. காற்று புக வழியில்லை.

ஆதலின் பெட்டியின் முகப்பு வலைபோல் துளையுடையதாக இருத்தல் வேண்டும். முன்புறம் 120 அல்லது 140 மி.மீ. விசிறிகள் இரண்டு காற்றை உள்ளிழுக்கவும், பின்புறம் ஒன்று வெளியேற்றவும் இடமிருத்தல் நன்று. உள்ளே வரும் காற்று சற்று மிகுதியாக இருந்தால், இடுக்குகள் வழியே தூசி நுழையாமல் வடிகட்டி வழியாகவே காற்று புகும். தோலைத் தேய்த்து மெருகிடும் பணிமனைகள் அருகிலிருப்பின் நுண்தூசி மிகுதி. கழற்றிக் கழுவத்தக்க வடிகட்டியுள்ள பெட்டியே அங்கு ஏற்றது. 2003ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட பவர் மேக் ஜி5 என்னும் கணிப்பொறி அலுமினியப் பெட்டிக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. அதன் முன்னும் பின்னும் முழுவதும் துளைகளே என்பதை, அதன் பளபளப்பை மட்டும் கண்டு பின்பற்றியவர்கள் மறந்தனர்.

உண்மை அலுமினியத்தை அறிதல்

கடைக்குச் செல்லும்போது சிறு காந்தம் ஒன்றை எடுத்துச் செல்க. நம் ஊரில் பெண்கள் கைப்பையில் வைத்துத் தைக்கும் காந்தப் பொத்தான் ஒன்றே போதும். நான் இப்போது அதனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே கடையேறுகிறேன். முகப்பு, இரு பக்கங்கள், மேற்பகுதி, அடிப்பகுதி, தாய்ப்பலகை அமரும் உட்தட்டு என ஒவ்வோரிடத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும். ஒட்டிக்கொண்டால் அது எஃகு. ஒட்டாவிடினும் உடனே அலுமினியம் என முடிவு செய்தல் கூடாது. அலுமினியக் கோடுகள்போல் தோற்றமிட்ட பிளாஸ்டிக்கும் உண்டு. கையை வைத்தால் உலோகம் குளிர்ச்சியாகத் தோன்றும். பிளாஸ்டிக் அவ்வாறு தோன்றாது.

அடுத்துப் பக்கக் கதவைத் திறந்து உட்புறத்தைக் காண்க. விளிம்புகள் மடித்து மழுக்கப்பட்டுள்ளனவா, கையைக் கீறுமா என்று தடவிப் பார்க்க. தகட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துக. பள்ளம் விழுந்து 'டக்' என மீள்வது மெல்லிய தகடு. எஃகுச் சட்டத்தின்மேல் அலுமினிய முகப்பு வைத்தல் குற்றமன்று. அதனை முழு அலுமினியம் என்று சொல்லி, முழு அலுமினியத்தின் விலையைப் பெறுவதே குற்றம்.

அளவறிந்து வாங்குதல்

1995ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுமுறையே இன்றும் பெருவழக்காக உள்ளது. அதன் முழுப்பலகை 305க்கு 244 மி.மீ.; மைக்ரோ ஏ.டி.எக்ஸ். பலகை 244க்கு 244 மி.மீ.; மினி ஐ.டி.எக்ஸ். பலகை 170க்கு 170 மி.மீ. தம் பலகை எவ்வகை என்பதை அறியாமல் பெட்டி வாங்குவது, காலளவு அறியாமல் செருப்பு வாங்குவதை ஒக்கும். வரைகலை அட்டையின் நீளம், செயலியின்மேல் அமரும் குளிர்விப்பானின் உயரம், மின்வழங்கியின் வகை ஆகிய மூன்றையும் தாளில் குறித்துக்கொண்டு செல்லல் வேண்டும். மிகச் சிறிய அலுமினியப் பெட்டிகளுள் பல, எஸ்.எஃப்.எக்ஸ். எனப்படும் சிறிய மின்வழங்கியையே ஏற்கும். அதன் விலை கூடுதல் என்பதையும் பெட்டியின் விலையோடு சேர்த்தே கணக்கிடுக.

நில இணைப்பு

உயிரோடு தொடர்புடைய செய்தி இது. உலோகப் பெட்டியைத் தொட்டால் விரலில் சுருக்கென்று உணர்வு எழுவதாக மாணவர் சிலர் கூறுவர். மின்வழங்கியினுள், மின்னிரைச்சலை வடிகட்டும் பொருட்டு, இரு கம்பிகளிலிருந்தும் சிறு மின்தேக்கிகள் உலோக உறையோடு இணைக்கப்பட்டிருக்கும். வீட்டில் 'எர்த்' எனப்படும் நில இணைப்பு இல்லையெனில், பெட்டி 230 வோல்ட்டில் ஏறத்தாழப் பாதி அழுத்தத்தில் நிற்கும். ஓடும் மின்சாரம் மிகச் சிறிதாதலின் பெரும்பாலும் சுருக்கென்ற உணர்வோடு நின்றுவிடும். ஆனால் மின்வழங்கி பழுதுற்றால் அதுவே உயிர்க்கேடாகும்.

அனோடைசிங் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் அலுமினியப் பெட்டியில் இவ்வுணர்வு தோன்றாமல் மறைந்திருக்கவும் கூடும். அதனைப் பாதுகாப்பு என்று கருதிவிடலாகாது. மின்வழங்கி திருகப்படும் இடத்திலும், தாய்ப்பலகையின் திருகுகளிலும் வெற்று உலோகத் தொடர்பு இருக்க வேண்டும். மின்செருகியைச் சுவரிலிருந்து கழற்றிய பின், அதன் தடித்த மூன்றாம் முனைக்கும் பெட்டியின் திருகுக்கும் இடையே தொடர்பு உள்ளதா என மல்டிமீட்டர் கொண்டு சோதிக்கலாம். வீட்டின் நில இணைப்பை மின்பணியாளரைக் கொண்டு சரிபார்த்த பின்னரே கணிப்பொறியை வீட்டுக்குக் கொண்டு வருக.

நல்ல விலை எது?

குறைந்த விலை வேறு; நல்ல விலை வேறு. கொடுத்த பணம் நமக்கு வேண்டிய பண்பாகத் திரும்புமாயின் அதுவே நல்ல விலை. மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பெட்டிக்கு ஒதுக்காதிருத்தல் மாணவர்க்கு ஏற்ற வரம்பு என்பது என் கருத்து. 50,000 ரூபாய் கணிப்பொறியில் பெட்டியின் பங்கு 5,000 ரூபாய்க்குள் அடங்க வேண்டும். அவ்வரம்புக்குள் புதிய முழு அலுமினியப் பெட்டி அமைவது அரிது. காற்றோட்டம் மிக்க நல்ல எஃகுப் பெட்டி அமையும். அதனை வாங்குவதில் தாழ்வு ஏதுமில்லை. மிஞ்சிய பணத்தை '80 பிளஸ்' சான்று பெற்ற தரமான மின்வழங்கிக்குச் செலவிடுக. 'பெட்டியோடு எஸ்.எம்.பி.எஸ். சேர்த்தே தருகிறோம்' என்னும் சொல்லுக்கு மயங்கற்க. அதன் பெயரையும் உறுதிக்காலத்தையும் கேட்டால் உண்மை புலனாகும்.

அலுமினியமே வேண்டும் என்பார்க்கு மற்றொரு வழி உண்டு. பெட்டி தேய்ந்துபோகும் பொருளன்று. ஏ.டி.எக்ஸ். பலகையின் திருகுத் துளைகள் 1995 முதல் அடிப்படையில் மாறாதிருப்பதால், பழைய பெட்டியிலும் புதிய பலகை அமரும். தைவானின் லியான் லி போன்ற நிறுவனங்கள் முன்பு செய்த தடித்த அலுமினியப் பெட்டிகள், பயன்படுத்திய பொருள்களை விற்கும் கடைகளில் சில வேளை கிடைக்கின்றன. சென்னை ரிச்சி தெருவில் பொறுமையோடு தேடுவோர்க்கு இது வாய்க்கும். பழைய பெட்டியாயின் முன்புறம் 120 மி.மீ. விசிறிக்கு இடமுண்டா, நீண்ட வரைகலை அட்டை நுழையுமா, முன்புற யு.எஸ்.பி. இணைப்பு எக்காலத்தது என்பவற்றைக் காண்க.

விலை பேசும்போது 18 விழுக்காடு சரக்கு, சேவை வரி அதனுள் அடங்குமா என்று முதலிலேயே கேட்டு, உரிய பட்டியல் பெறுக. பட்டியல் இல்லையேல் உறுதிக்காலமும் இல்லை. மேலும், அலுமினியத்தை மீண்டும் உருக்குவதற்குப் புதிதாக எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடே போதும். அதனால் பழையதற்கும் மதிப்புண்டு. காயற்பட்டினத்து வணிகரால் பெயர்பெற்றது என்று கூறப்படும் காயலான் கடையில், இரும்பைவிட அலுமினியத்துக்குக் கிலோவுக்குக் கூடுதல் விலை தருவர். பெட்டியின் கடைசி விலையும் நம் கணக்கில் சேரத்தக்கதே.

நிறைவுரை

அம்மாணவரின் இரண்டாம் கணிப்பொறிக்கும் நான் துணை சென்றேன். இம்முறை அவர் தந்தையாரும் உடன் வந்தார். முதலில் மின்வழங்கியையும் பலகையையும் வாங்கினோம். பிறகு பழைய பொருள் கடையொன்றில் கீறல் விழுந்த அலுமினியப் பெட்டி ஒன்றைக் கண்டோம். தந்தையார் அதனைக் கவிழ்த்தார், உட்புறம் தடவினார், விளிம்பைப் பார்த்தார், கட்டைவிரலால் அழுத்தினார். நான் காந்தப் பொத்தானை வைத்தேன். அது கீழே விழுந்தது. "எடுத்துக்கலாம் சார்" என்றார். அதன் பின் வந்த கோடைகளை அக்கணிப்பொறி கடந்துவிட்டது. தாலாட்டுத் தொகுப்பும் நிறைவெய்தியது. அதன் படிகள் இரண்டு வேறு வட்டுகளிலும் இப்போது உள்ளன.

எடைக்குறைவும், துருவின்மையும், நெடுநாள் உழைப்பும் வேண்டுவோர் அலுமினியத்தைத் தேர்க. வெப்பந்தணிதல் ஒன்றே வேண்டுவோர் காற்றுவழியைத் தேர்க. இரண்டுக்கும் முன்னர் மின்வழங்கியையும் நில இணைப்பையும் உறுதி செய்க. தகட்டைத் திருப்பிப் பார்த்து வாங்கும் மாணவர் தம் பெற்றோரின் உழைப்புக்குப் பெருமை சேர்ப்பர் என்பது திண்ணம்.